அதட்டாத வெங்காயம்

ஆலை கேன்டீனில் நான் வெங்காயம் வதக்கினால் கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரி டிரைவருக்கும் பசியெடுக்கும் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மனைவிக்கு நானே சமைக்கிறேன் என்று மார்தட்டினேன். பெரிய வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வெறும் தண்ணீர்தான் ஆகாரம். இப்படியே போனால் திரும்ப அட்மிட் செய்து டியூப் போடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காய்கறிக் கடை வைத்திருக்கும் மச்சினி, ஒரு கை சின்ன வெங்காயமும் ஒரு கட்டு வெங்காயத்தாளும் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, வீட்ல இருக்கறது ஒரே ஒரு பொண்டாட்டி. முந்நூறு பேர் இல்ல. இதுல சூப் வைங்க."

"இதெல்லாம் வெங்காயமா? வெங்காயத்தோட பேரப்பிள்ளைங்க மாதிரி இருக்கு."

"அதான் வேணும். அதட்டாம இருக்கும், உங்கள மாதிரி இல்லாம."

அவள் போனபின் உரித்தேன். அண்டா கிண்டிய விரல்களுக்கு அந்தப் பொடிசுகள் அகப்படவே இல்லை. தீயைக் குறைத்து வெண்ணெயில் வதக்கினேன். சத்தமே வரவில்லை, அடுப்பு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். உருளைக்கிழங்கோடு வேகவைத்து மசித்து, தாளைப் பொடியாக நறுக்கித் தூவினேன்.

நான் சமைத்ததை நான் ருசி பார்ப்பதில்லை. காரத்திலும் புகையிலும் என் நாக்கு எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காதான் எனக்கு நாக்கு. பழக்கதோஷத்தில் கரண்டியைத் தூக்கிக் குரல் கொடுத்தேன்.

"யாராவது உப்பு பாருங்கப்பா!"

எங்கள் வீட்டில் யாராவது என்றால் ஒருத்திதான். கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி வந்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

ஒரு வாய் குடித்தாள். "உப்பே போடலையா?"

போட்டேன். இன்னொரு வாய். "இப்பவும் பத்தல. கலக்காம குடுத்தா எப்படித் தெரியும்?"

கரண்டியைப் பிடுங்கி அவளே கலக்கினாள், அவளே கிண்ணத்தில் ஊற்றினாள். "மிளகு எங்க? இந்தக் கையாலயா அத்தன பேரும் சாப்பிடறாங்க? பாவம்ங்க."

திட்டத் திட்டக் கிண்ணம் குறைந்துகொண்டே வந்தது. நான் மிளகு டப்பாவை மட்டும் நகர்த்தி வைத்தேன். சாப்பிடுகிறாய் என்று சொல்லப்போய், நிறுத்திவிட்டால்?

ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கையும் விரலால் வழித்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்காவது ஒழுங்கா பண்ணுங்க" என்றாள்.

மச்சினிக்கு போன் போட்டேன்.

"சாப்பிட்டாளா மாமா?"

"நீ நல்லா இருக்கணும்மா" என்றேன். "நாளைக்கும் ஒரு கட்டு எடுத்து வை."