ஆறாயிரம் பாடல்கள், ஒரு மலையேற்றப் பேருந்து

1

ஒழுங்குபடுத்துவதே நாகரிகம், மற்றதெல்லாம் இரைச்சல்.

இந்த வரியை எழுதிவிட்டு இருபது நிமிடம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது: சொன்னது நானல்ல, எங்கள் பூப்யோங் மலையேற்றச் சங்கத்துப் பே கியூ-சோல். சொன்னபோது அவர் வாய் நிறையக் கிம்பாப் சோற்றுச் சுருள். இந்தக் கதை அந்த வாயிலிருந்துதான் வந்தது.

2

முதல் வரைவு: ‘பே தனிமையான மனிதர். மழை பெய்யும் மாலைகளில் அவருடைய—’

(வேண்டாம். குளியலறை ஓடு விற்பவர், மனைவியும் இரண்டு மகள்களும் உண்டு. தனிமைக்கு அவருக்கு ஏது நேரம்?)

உள்ளங்கை அளவு எம்பி3 பிளேயர். அதில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மேற்கத்திய சாஸ்திரிய இசைத் தடங்கள். யாரோ இணையத்தில் திரட்டிப் போட்டிருந்ததை மொத்தமாக இறக்கியிருந்தார். மூன்று வருடமாக அவற்றை நாடு, நூற்றாண்டு, இசையமைப்பாளர் என்று பிரித்து அடுக்கினார். ஒவ்வொன்றையும் திறந்து பத்து நொடி கேட்பார். சரியான தடம்தான் என்று உறுதியானதும் பெயர் சூட்டி, அட்டைப்படம் ஒட்டி, அடுத்ததற்குப் போவார். அப்போது அவர் முகத்தில் தெரியும் பரவசத்தை நான் பார்த்திருக்கிறேன், பொறாமையாக இருக்கும்.

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே. இருந்தது: சங்கத் தலைவர் பதவி.

மலையிலிருந்து திரும்பும் பேருந்தில் பாட்டு, இருக்கைகளுக்கு நடுவே ஆட்டம், கடைசியில் கை தூக்கித் தேர்தல். இதுதான் எங்கள் வழக்கம். பதினொரு வருடமாகத் தலைவர், தொடுகறிக் கடை தாக் மால்-சுன் அக்கா. அவருடைய துள்ளல் பாட்டு சிடிதான் அவர் கட்சி. இம்முறை பே எதிர்த்து நின்றார். வாக்குறுதி ஒன்றே ஒன்று: தரமான இசை.

“தம்பி, அந்த டப்பாவுல ஆடுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?”

“இது ஆடுறதுக்கு இல்லக்கா. உக்காந்து கேக்குறதுக்கு.”

“உக்காந்து கேக்க வீட்டுக்காரர் பேச்சே இருக்கே. அதுக்கா மலைக்கு வரேன்?”

4

பேருந்தின் ஒலிபெருக்கியில் பே வயரைச் செருகினார். சிம்பொனி எழுந்தது. நாற்பது பேரும் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினார்கள். அக்காவே மக்கொல்லி அரிசிக்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வயலின்கள் ஏறின, எக்காளங்கள் சேர்ந்தன, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இதோ உச்சி—

(இது நான் பாதியில் விட்ட வாக்கியம் அல்ல. இசை நின்றது.)

அடுத்த தடம் தொடங்கியது. அதுவும் நின்றது. மூன்றாவதும்.

“அண்ணே, வயரு லூசா?” என்றார் ஓட்டுநர்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் கரெக்டா ஒரு நிமிஷம்டா தம்பி. வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்கச் சொல்லிக் குடுப்பானே, அந்தத் துண்டு. எங்க கடையில ருசி பாக்கப் பல்குத்துற குச்சியில கிம்ச்சி குடுக்குற மாதிரி.”

பே பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். ஜெர்மனி, ஒரு நிமிடம். ரஷ்யா, ஒரு நிமிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஒரு நிமிடம்.

5

முடிவு (அ): அக்காவுக்குப் பன்னிரண்டாவது வருடம்.

முடிவு (ஆ): “நிமிஷத்துக்கு ஒரு பாட்டா? ஆட இதைவிட என்ன வேணும்” என்று அக்காவே எழுந்து சிம்பொனிக்கு இடுப்பை ஆட்ட, பே தலைவர்.

எது நடந்ததோ, நீங்களே தேர்ந்தெடுங்கள். கைகள் தூக்கப்பட்டபோது நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால் பே என் பக்கம் திரும்பி, “எழுத்தாளரே, போன மாசம் முழுசையும் காப்பி எடுத்துட்டுப் போனீங்களே?” என்று கேட்டிருந்தார்.

அந்தச் சிம்பொனியின் கடைசிப் பகுதியைக் கேட்டு அழுதுவிட்டதாக நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.