ஓசி ரிக்கற் மூன்று

சிநேகிதியை ஒரு நாள் சிரிக்க வைப்பது இவ்வளவு பெரிய பாடென்று தெரிந்திருந்தால், உஷாந்தி அந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்திருக்க மாட்டாள்.

மூன்று கிழமைக்கு முன்பு வெள்ளவத்தையில் யதுஷாவின் அப்பா நமசிவாயத்தின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் நடந்தது. சாப்பாடு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், யதுஷாவின் அம்மா சரோஜினிதேவி உஷாந்தியைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

"பிள்ளை, இவள் ஒரு வருசமாச் சிரிக்கேல்லை. வேலைக்குப் போறாள், வாறாள், சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். எங்கையாவது கூட்டிக்கொண்டு போ. சிரிச்சவள் எண்டு நீ வந்து ஒரு சொல்லுச் சொன்னால் எனக்குக் காணும்."

உஷாந்தி ஓம் என்றாள். மறுக்க வாய் வருமா? ஏழாம் வகுப்பிலிருந்து அந்தக் குசினியில் சாப்பிட்டவள் அவள். நமசிவாயம் மாமா அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, கணக்கு ஏறாதென்று கண்டபின், "நீ படம் கீறு பிள்ளை, அதுதான் உனக்குச் சரி" என்று விட்டவர். அவர் சொன்னபடியே அவள் இப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் கணினியின் முன்னால் இருந்து நோட்டீசுகளுக்கும் அட்டைகளுக்கும் வடிவம் போடுகிறாள்.

எங்கே கூட்டிப் போவதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரிக்கற் தானாகத் தேடி வந்தது. கொழும்புக்கு வெளியே உள்ள விளையாட்டுப் பூங்கா ஒன்றில் ஹலோவீனுக்காகப் பேய் மாளிகை கட்டுகிறார்கள். அதற்கு அலங்காரம் செய்யும் சமித் என்ற சிங்களப் பெடியன் பழைய தாள் கேட்டு அச்சகத்துக்கு வந்திருந்தான். கூழாக்கிப் பசை சேர்த்துப் பேய்த்தலை செய்யப் போவதாகச் சொன்னான். மாடிப்படிக்குக் கீழே கிடந்த இரண்டு பெட்டி பழுதுத் தாளை உஷாந்தி எடுத்துக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து நன்றி சொல்லி, பூங்காவுக்குள் ஓசியில் போக மூன்று ரிக்கற் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மூன்று பேருக்கு மூன்று ரிக்கற். கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியது போல இருந்தது அவளுக்கு.

மூன்றாவது ஆள் பிறிஜெற். கொட்டாஞ்சேனைக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்து கூட வருகிறவள், நேரத்துக்கு எங்கும் போய்ப் பழக்கமில்லாதவள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சந்திப்பதாகப் பேச்சு. யதுஷா ஏழேமுக்காலுக்கே வந்து, யாரோ வற்புறுத்திப் பல்லுப் பிடுங்கக் கூட்டிப் போவது போன்ற முகத்தோடு நின்றாள். பிறிஜெற் ஒன்பதரைக்கு வந்தாள். அதுவும் எப்படி? கறுப்புக் கவுன், முகத்தில் வெள்ளைப் பூச்சு, தலையில் காட்போட் மட்டையில் செய்த சூனியக்காரித் தொப்பி. கொண்டக்டர் நாடகமா என்று கேட்டார். பஸ்சில் இருந்த ஒரு குழந்தை அவளைப் பார்த்துவிட்டு இறங்குமட்டும் அழுதது. யதுஷா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறிஜெற்றின் கழுத்தைத் திருகினால் என்ன என்று உஷாந்திக்குத் தோன்றியது.

போய் இறங்கினால் மழை. ஐப்பசி மழைக்கு ஹலோவீன் தெரியுமா, ஓசி ரிக்கற் தெரியுமா? இடி கேட்ட உடனேயே இராட்டினத்தை நிறுத்தினார்கள். தலைகீழாகச் சுற்றும் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீர்ச் சறுக்கலுக்குக் கயிறு கட்டினார்கள். மூன்று பேரும் தகரக் கூரையொன்றின் கீழ் ஒதுங்கி, ஆறிப்போன ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, ஆளில்லாமல் நனையும் இராட்டினக் குதிரைகளைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். பிறிஜெற்றின் தொப்பி ஊறிச் சரிந்து காதில் தொங்கியது.

"வீட்ட போவமே?" என்று யதுஷா கேட்டாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூட உஷாந்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ மரியாதையாகக் கேட்டாள். அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. நான் என்ன செய்யவேணும், இந்த மழையைக் கையால் பிடித்து நிறுத்தவா என்று உஷாந்தி மனதுக்குள் கத்தினாள். வெளியில், பேய் மாளிகை மட்டும் திறந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள்.

பூங்காவுக்கு வந்திருந்த சனம் முழுவதும் அதே யோசனையோடு அங்கேதான் நின்றது. வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. ஒரு மணி நேரம் நின்றார்கள். வரிசையில் நிற்பவர்களை வெருட்டுவதற்கென்று வெள்ளைத் துணி போர்த்திய பேயொன்றை விட்டிருந்தார்கள். அது ஊளையிட்டுக்கொண்டு வந்து யதுஷாவின் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் தூக்கியது. அந்த நேரம் பார்த்துப் பேயின் வயிற்றுக்குள் போன் அடித்தது. பேய் தடுமாறித் துணிக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, "கேவா அம்மே, கேவா" என்றது. சாப்பிட்டேன் அம்மா, சாப்பிட்டேன். பிறகு தாய் இன்னும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மீன்தான் என்று சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஊளையைத் தொடர்ந்தது.

யதுஷா சிரித்தாள். முதலில் மூக்கால் வந்தது. பிறகு வாயைப் பொத்தினாள், பொத்திய கைக்கு மேலால் கண் கலங்கியது, கடைசியில் பிறிஜெற்றின் தோளில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேய்க்கே வெட்கம் வந்து அது அடுத்த ஆளிடம் போய்விட்டது.

உஷாந்திக்கு உச்சி குளிர்ந்தது. காலையிலிருந்து பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் கழுவிப் போனது. இனி மழை பெய்தாலென்ன, இடி விழுந்தாலென்ன? குசினிக் கதவைச் சாத்திவிட்டு நின்ற அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி மாளிகை வாசலைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

வாசலுக்கு உள்ளே, சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு விழும் சுவரில், ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பூ வளைவு. அந்த விளக்கைக் கீறியதே அவள்தான். ஜிந்துப்பிட்டி வேலுசாமி, வயது எழுபத்திரண்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தாளைக் கூழாக்கவில்லை. அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.

அச்சகத்து முதலாளி கிளெமென்ற் அண்ணருக்கு ஒரு கட்டாயம் உண்டு. செத்தவரின் முகம் உள்ள தாள், பழுதானாலும், பேப்பர்காரனுக்குப் போகக்கூடாது, வடை சுற்றப் போகக்கூடாது. தனிப் பெட்டியில் போட்டு வைப்பார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கொல்லைக்குக் கொண்டுபோய், பெயரைப் பார்த்துக் கற்பூரமோ மெழுகுதிரியோ வைத்து எரிப்பார். செப்டெம்பரில் அவருக்கு டெங்கு. பெட்டி எரியாமல் கிடந்தது. சமித் ஒரு பெட்டி போதாதென்று நின்றபோது உஷாந்தி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். கை ஒருமுறை பின்வாங்கியதும் உண்மை. கூழாகப் போகிற தாள்தானே, யார் கண்டது என்று தூக்கிக் கொடுத்ததும் உண்மை.

பெட்டியில் மேலே கிடந்தது எது என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நமசிவாயம் மாமாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. முதல் ஐம்பது தாளில் சிவப்பு மை இறங்காமல் முகம் பச்சையாக வந்துவிட்டது. திவசத்துக்கு இரண்டே நாள் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக அடித்தார்கள்.

முன்னால் இருபது பேர்தான் நின்றார்கள். "போதும், களைச்சுப் போனன், வாங்கோ போவம்" என்றாள். பிறிஜெற் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். யதுஷாவோ, ஒரு வருடமாக எதையும் கேட்காத யதுஷா, சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தாள்.

"இவ்வளவு நேரம் நிண்டிட்டு ஏனடி? நான் பாக்கவேணும்."

உஷாந்திக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து இந்தச் சொல்லுக்காகத்தானே தவம் கிடந்தாள்? வயிறு சரியில்லை, கழிவறைக்குப் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மாளிகையின் பின்பக்கம் ஓடினாள். சேற்றில் செருப்பு ஒன்று கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள்.

பின்கதவடியில் சமித் நின்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தாள்கள் நன்றாக இருந்தபடியால் கூழாக்க மனம் வரவில்லையாம். கடைசி அறையில் பச்சை முகத்து மாமா ஒருவர் வரிசையாக இருக்கிறார், சனம் அவரைக் கண்டுதான் கூடக் கத்துகிறது என்று சிங்களத்தில் பெருமையோடு சொன்னான். அவள் மூச்சு வாங்கியபடி அவற்றைக் கழற்றச் சொன்னாள். பூட்டியபிறகு கழற்றலாம் என்றான். இப்போதே கழற்ற வேண்டும், அந்த மாமாவின் மகள் வரிசையில் நிற்கிறாள் என்றாள். அவனுடைய முகம் சுருங்கியது.

"வேண்டாம் என்றுதானே அக்கா தந்தீர்கள்" என்றான் சிங்களத்தில், மெதுவாக.

அவன் பேரில் என்ன பிழை? அவள் தூக்கிக் கொடுத்ததை அவன் ஒட்டினான். அவன் உள்ளே ஓடினான். இருட்டில் ஒட்டியதைக் கழற்ற முடியுமா? ஆகவே மெயின் சுவிட்சைப் போட்டான்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்த மாளிகையின் வெளிச்சம் கண் சிமிட்டும் நேரத்துக்கு மேல் எதையும் காட்டாது. புகையும் கூச்சலும் தள்ளுமுள்ளுமாக யதுஷா எதையும் காணாமலே கடந்து போயிருக்கலாம். உஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் போதும். உஷாந்தி சமித்தின் பின்னாலே கடைசி அறைக்குள் நுழைந்தபோது, கூரையில் இருந்த ரியூப் லைற் நாலும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. வரிசை நினைத்ததைவிட வேகமாக நகர்ந்திருந்தது. அறையின் நடுவில் பிறிஜெற்றும் யதுஷாவும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சுவரில் எட்டு நமசிவாயம், எட்டும் பச்சை. எட்டுக்கும் கண் இருந்த இடத்தில் யாரோ சிவப்பு மினுங்கல் பூசியிருந்தார்கள்.

பின்னால் வந்த பெடியன்கள் லைற்றைப் போட்டது யார் என்று சத்தம் போட்டார்கள். பிறிஜெற் தொப்பியைக் கழற்றினாள். கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் தகப்பனின் குழியைக் கழுவிப் பூ வைக்கிறவள் அவள்.

யதுஷா நெடுநேரம் பார்த்தாள். பிறகு உஷாந்தியின் பக்கம் திரும்பினாள்.

"இது உங்கட பிரஸ்ஸில அடிச்சதெல்லோ?"

"ஓம்."

"நீயோ குடுத்தனி?"

உஷாந்தி தலையை ஆட்டினாள். அச்சகத்தில் வேறு ஆள் கொடுத்தது என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடி போய்விட்டது.

"ரிக்கற்றும் இதுக்குத் தந்ததோ?"

"ஓம்."

யதுஷா ஏசியிருக்கலாம், அறைந்திருக்கலாம். உஷாந்தி அதற்குத் தயாராகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். யதுஷா சுவரண்டை போய், முதலாவது தாளின் மூலையை நகத்தால் கிளப்பினாள். கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். உஷாந்தி உதவிக்குக் கையை நீட்டினாள். "நீ விடு" என்றாள் யதுஷா. சமித் ஓடிப்போய்ப் பூச்சுக் கத்தியொன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மற்றச் சுவரில் இருந்த முகங்களைத் தானே உரிக்கத் தொடங்கினான். வரிசை வெளியே நின்று கத்தியது. எட்டாவது தாள் வரும்வரை யதுஷா ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்சில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் வந்தார்கள். பிறிஜெற் முகப்பூச்சைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். யதுஷாவின் மடியில் தாள்கள், முகம் உட்பக்கமாகச் சுருட்டி, தலைமயிர் கட்டும் பட்டியால் கட்டியிருந்தது. வெளியே மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. எவ்வளவு வயிற்றெரிச்சல்! காலையில் எறித்திருந்தால் இராட்டினத்தில் ஏறிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பேலியகொடை தாண்டும்போது உஷாந்தியின் போன் அடித்தது. சரோஜினிதேவி. எடுக்காமல் விட நினைத்தாள். யதுஷா திரையைப் பார்த்துவிட்டு, எடு என்று நாடியை உயர்த்திக் காட்டினாள்.

"எல்லாம் வடிவா முடிஞ்சுதோ பிள்ளை?" என்றது அந்தக் குரல். பிறகு கொஞ்சம் தாழ்ந்து, "சிரிச்சவளோ?"

உஷாந்தி யதுஷாவைப் பார்த்தாள். யதுஷா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மடியில் இருந்த சுருளை, உருண்டு விழாமல், பிடித்திருந்தது.

"ஓம் அன்ரி" என்றாள் உஷாந்தி. "வரிசையில நிக்கேக்க நல்லாச் சிரிச்சவள்."

மறுமுனையில் அந்தத் தாய் முருகா என்று சொல்லி அழத் தொடங்கினார். உஷாந்தி போனைக் காதோடு வைத்துக்கொண்டு, புறக்கோட்டை எப்போது வரும் என்று இருந்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.