பயிற்சி இடத்தின் முகவரி

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "மாத்திரை போட்டியா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிரம்பெட் வந்து சேர்ந்தது.

கொடுத்தது இசைப்பள்ளி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் இலவசம், கருவியும் இரவல். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. பதினோரு வயது. நல்ல விஷயம்தான், நானும் கைதட்டினேன். ஆனால் ஒரு புல்லாங்குழலைக் கொடுத்திருக்கக் கூடாதா? இவள் மூச்சுக்கு டிரம்பெட்தான் சரி என்றார்களாம். முதல் வாரத்திலேயே தெரு அவளுக்குப் பீப்பீ என்று பெயர் வைத்துவிட்டது.

நான் பேருந்து ஓட்டுகிறவள். தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் முதல் வண்டி, விடிகாலை நாலு மணிக்கு. மூன்றுக்கு எழ வேண்டுமென்றால் ஏழுக்கே படுக்க வேண்டும். பீப்பீ பள்ளி விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, டிரம்பெட்டை வாயில் வைக்கிற நேரமும் ஏழுதான். சுவரைத் தட்டினேன். கத்தினேன். காதில் பஞ்சு அடைத்தேன். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்கிவிட்டது. பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். 

அன்று சாயங்காலம் பார்த்துப் பீப்பீயின் அம்மா இசைப்பள்ளிப் படிவத்தோடு வந்தாள். மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. சீருடையைக்கூட மாற்றவில்லை.

"அண்ணி, ஒரு கையெழுத்து போடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு இல்லன்னு எழுதித் தரணுமாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேனாவை வாங்கி, 'தொந்தரவு உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலே நாளில் பள்ளியிலிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சிக்கு வேறு இடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் டிரம்பெட்டைத் திருப்பித் தர வேண்டும்.

அன்று ஏழு மணிக்குச் சத்தமே இல்லை. அப்பாடா என்று படுத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டிக், டிக், டிக். ஊதாமல், டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள் பீப்பீ. பாட்டு முழுக்க விரலிலேயே ஓடியது. அவள் ஊதினபோது வந்த அரைத் தூக்கம்கூட அன்று வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாள் முழுக்க ஹாரன் அடிக்கிறவள் நான். ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் வண்டியை டிப்போவின் பின் வரிசையில் நிறுத்தினேன். தொழிற்சாலை வண்டிகள் மாலை முழுக்கச் சும்மா நிற்கும் இடம் அது. ஒரு பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள், இன்னொரு பக்கம் எஞ்சினை உறும விட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் பேசினால் கேட்காது. நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"பஸ்ஸு பயணிகளுக்கும்மா, கச்சேரிக்கு இல்ல" என்றார்.

"கச்சேரி இல்ல சார், பயிற்சி. இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுது?"

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் கூடவே உக்காந்திருக்கேன். சாவி உங்க மேஜையிலேயே இருக்கட்டும்."

அவர் பெருமூச்சு விட்டார். "அஞ்சுலேர்ந்து ஆறு. ஒரு நிமிஷம் கூடக் கூடாது."

புதுப் படிவத்தில் 'பயிற்சி இடத்தின் முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. 'வண்டி எண் 27, பின் வரிசை, பேருந்து டிப்போ' என்று எழுதினேன். பீப்பீயின் அம்மா அதை இரண்டு தடவை படித்தாள்.

"இத ஒத்துக்குவாங்களா அண்ணி?"

"வந்து பாக்கட்டும்."

பத்தாம் நாள் வந்து பார்ப்பதாகவே கடிதம் வந்தது. அந்தப் பத்து நாளும் நான் ஓட்டுநர் இருக்கையில், பீப்பீ கடைசி சீட்டில். முதல் நாள் பயந்து பயந்து ஊதினாள்.

"இங்க யாரும் சுவரைத் தட்ட மாட்டாங்க. ஊது" என்றேன்.

ஊதினாள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வண்டி கழுவுகிறவர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் இத்தனை நாளும் அவள் பாதி மூச்சில்தான் ஊதியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் என்னைத் தூங்கவிடாத டிரம்பெட் வண்டிக்குள் என்னைத் தாலாட்டியது. டிப்போ இரைச்சலில் கண்ணயர்ந்து பழகிய உடம்பு இது. தப்பாக ஊதினால் மட்டும் விழித்துக்கொள்வேன், எஞ்சினில் கோளாறு கேட்ட மாதிரி.

"எங்கயோ இடிக்குதே பீப்பீ."

"ஆமா அத்தை. அந்த ஒரு இடம்தான் வர மாட்டேங்குது."

"திரும்பப் போ."

ஒன்பது நாளும் அந்த இடத்தில் விழித்தேன்.

பார்வையிட வருகிற நாளில் தூங்கவே கூடாது என்று இரண்டு டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். பீப்பீயின் அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள். ஐந்து மணிக்குப் பீப்பீ ஆரம்பித்தாள். மூன்று மணிக்கு எழுந்த உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

கண் விழித்தபோது ஊதும் சத்தம் நின்றிருந்தது. மணி ஆறாகப் போகிறது. படிக்கட்டில் இசைப்பள்ளி ஆசிரியை, கையில் கோப்போடு. எனக்கு உயிரே போய்விட்டது. கெடுத்தேன் காரியத்தை என்று எழுந்தேன்.

"தொந்தரவு உண்டுன்னு எழுதினது நீங்கதானே?" என்று கேட்டார்.

"நான்தாங்க. அது அப்போ..."

"முக்கால் மணி நேரமா நிக்கிறேன். உங்க குறட்டைதான் கொஞ்சம் தொந்தரவா இருந்துச்சு. அதுவும் தாளம் தப்பல."

பீப்பீயின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். பீப்பீ டிரம்பெட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தாள்.

"அத்தை, அந்த இடம் வந்துடுச்சு. நீங்க முழிக்கவே இல்ல."

ஆசிரியை படிவத்தில் கையெழுத்திட்டார். பிறகு கோப்பிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"ஊத இடமில்லன்னு நாங்க திருப்பி அனுப்பின பிள்ளைங்க பதினோரு பேர். இந்த வரிசையில எத்தன பஸ் நிக்கும்?"

"பதினாலுங்க."

மேலாளர் தன் அறை வாசலில் நின்று கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"சார், இன்னும் பதினோரு சாவி உங்க மேஜையில இருக்கட்டும்."