ஆல் ஃபிரான்ஸ் ரேங்க் பதினேழு

'ஒயின்ஸ்' என்று போர்டு மாட்டிய கடையில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். நான் வேலை பார்க்கும் மல்லேஸ்வரம் கடையில் உண்மையாகவே ஒயின் உண்டு, அதுவும் பிரெஞ்சு ஒயின். ஏசி உண்டு, மெதுவான பாட்டு உண்டு. காபிப் பொடி வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் துணிப்பையோடு வரும் பெரிய மனிதர்களும் உண்டு. பொடியை முதலில் வாங்கிக்கொண்டுதான் இங்கே வருவார்கள். பாட்டிலை அதற்கு அடியில் வைத்துக் கொடுப்பேன்.

என் பெயர் விஜி. ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே வேலைக்கு வந்துவிடுவேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகத்தான் முதலாளி நாகேஷ் அண்ணா என்னை எடுத்தார். எங்கள் பிரெஞ்சு ரேக்கில் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். அந்த ஒயினைக் குடித்துப் பார்த்த வெளிநாட்டு நிபுணர் நூற்றுக்கு எத்தனை மார்க் போட்டார் என்று அதில் எழுதுவது என் வேலை. 92, 94, 91. இப்படித் தாராள மனசுக்காரர்களை நான் படித்த பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் கணக்கு டீச்சரை அனுப்பியிருந்தால் பாதி பிரான்ஸ் ஃபெயில் ஆகியிருக்கும்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐ.டி.காரர்கள். மார்க் வாங்கியே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். எந்த ஊர்த் திராட்சை, எந்த வருஷத்து ஒயின் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அட்டையைப் பார்ப்பார்கள், 91ஐ வைத்துவிட்டு 92ஐ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு மார்க்கில் என்ன சார் வந்துவிடப் போகிறது என்று கேட்டால் அவ்வளவுதான். ஒரு மார்க்கில் சீட்டைக் கோட்டை விட்டவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

ஜூலை மாதம் போர்தோ என்ற பிரெஞ்சு ஊரிலிருந்து முப்பத்தாறு பாட்டில் சிவப்பு ஒயின் வந்தது. கூட வந்த காகிதத்தில் மார்க் என்ற இடத்தில் 17 என்று இருந்தது. பாவமே என்று, சரக்கு இறக்குமதி செய்யும் கம்பெனியின் சிந்துவுக்கு போன் போட்டேன்.

"ஐயோ விஜி, அது பிரான்ஸ்லயே இருக்கற ஒருத்தர் போட்டது," என்றாள் சிந்து. "அவங்கள்ல சில பேர் இருபதுக்குத்தான் மார்க் போடுவாங்க. அதுல பதினேழு வாங்கறது லேசு இல்ல. தங்கமான சரக்கு, பாத்து வித்துக்கோ."

சந்தோஷமாக 17/20 என்று எழுதி மாட்டினேன். முதலில் வந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "இருபதுக்குன்னா இது இன்டர்னல் மார்க்தானே? எக்ஸ்டர்னல் எவ்ளோ?" என்று கேட்டாள். சரி, நூற்றுக்கே போட்டுவிடலாம் என்று ஐந்தால் பெருக்கி 85 என்று எழுதினேன். அது அதைவிட மோசம். 92க்கும் 94க்கும் நடுவே 85 நின்றதும் மக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் சிரித்தே விட்டார். ஒரு மாதத்தில் மூன்றே மூன்று பாட்டில்தான் போனது.

நாகேஷ் அண்ணா ரேக்கில் விரலால் தேய்த்துத் தூசியைக் காட்டி, தன் கன்னடத் தமிழில் ஆரம்பித்தார்.

"நோடு விஜி, இங்க பாரு, சும்னே நிக்குது. மாசக் கடைசிக்குள்ள போகலேன்னா ரேக்கையே எடுத்துட்டு பீர் ஃபிரிட்ஜ் வெச்சிடறேன். நீ நம்ம இன்னொரு கடைக்கு, யஷ்வந்த்புரத்துக்குப் போயிடு. அங்க கவுன்டர்ல ஆள் இல்ல."

எனக்குப் பகீரென்றது. யஷ்வந்த்புரம் கடையில் நான் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் இரும்புக் கம்பி, நடுவில் ஒரு ஓட்டை. வெளியே இருப்பவர்களின் முகம் தெரியாது, உள்ளே நீளும் கைகள் மட்டும் தெரியும். அதில் ஒரு கை பாட்டிலோடு என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஸ்டேப்ளரால் ஓங்கி ஒன்று போட்ட பிறகுதான் விட்டது. மறுபடி அங்கே போய் உட்கார என்னால் ஆகாது. வேலையை விட்டால் அடுத்த வேலையை வைத்துக்கொண்டு யாரும் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை.

வந்த கோபத்தில் 85 அட்டைகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். புது அட்டை எடுத்து வெறும் 17 என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் போ.

அன்று சாயங்காலம் பாலசுப்ரமணியன் சார் வந்தார். ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர். பக்கத்து அபார்ட்மென்ட். எங்கள் காபிப் பொடிக்காரர்களில் முதன்மையானவர். அட்டைக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஏம்மா, இது என்ன பதினேழு? மார்க்கா இருக்க முடியாதே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"ரேங்க்! இல்லியா? ஆல் ஃபிரான்ஸ் ரேங்க் பதினேழு! அந்த நாட்டுல எத்தனை ஆயிரம் ஒயின் போட்டி போட்டிருக்கும்! அதுல பதினேழாவதா! என் பையன் ரெண்டு வருஷம் கோச்சிங் போயி நாலாயிரத்துச் சொச்சம் வாங்கினான், அதுக்கே தெரு பூரா ஸ்வீட் குடுத்தோம்."

உண்மையைச் சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடியில் யஷ்வந்த்புரத்துக் கம்பி கண் முன்னால் வந்து நின்றது.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்றேன்.

இரண்டு பாட்டில் வாங்கிப் போனார். மறுநாள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் சேதி பரவியது. எட்டே நாளில் அத்தனை பாட்டிலும் காலி. அதற்குப் பிறகு வந்தவர்கள் என் 94ஐக் கையில் எடுத்து, "மார்க் எல்லாரும் வாங்கறாங்க, இதோட ரேங்க் என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்து, ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று பதில் சொல்வேன்.

சிரித்தால் அழ வேண்டும் என்பார்கள். நாகேஷ் அண்ணாவும் அதை ரேங்க் என்றே நம்பி, என்னைக் கேட்காமல் தானே சிந்துவுக்கு போன் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிந்து எனக்குப் பேசினாள்.

"உங்க அண்ணாவுக்கு என்ன ஆச்சு? பதினேழு பழசு, பதினொண்ணு இருந்தா அனுப்புங்கறாரு. இருபதுக்கு பதினொண்ணு வாங்கின சரக்கு எங்க கோடவுன்ல ரெண்டு வருஷமா தூங்குது. பாதி வெலைக்குத் தரேன்னேன். 'நல்ல சரக்கை யாரும்மா பாதி வெலைக்குத் தருவா, முழு வெலையே போடு'ன்னு சண்டை போட்டு அறுபது பாட்டில் வாங்கிட்டாரு."

அறுபது பாட்டிலும் வந்து இறங்கின. நாகேஷ் அண்ணா தன் கையாலேயே ரேக்குக்கு ஊதுபத்தி காட்டினார். 11 என்று தங்க நிற மையில் எழுதச் சொன்னார், எழுதினேன். உண்மையைச் சொன்னால் ரேக் போகும், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது சனிக்கிழமை தெரிந்தது.

"இந்தப் பதினொண்ணாம் ரேங்க்ல பன்னெண்டு பாட்டில் குடும்மா," என்று பாலசுப்ரமணியன் சார் வந்து நின்றார். "எங்க பாரிஸ் ஆபீஸ் பாஸ் திங்கக்கிழமை நம்ம வீட்டுக்கு சாப்பிட வர்றார். அவர் நாட்டுச் சரக்கையே, அதுவும் டாப் ரேங்க்கா எடுத்து வெச்சு அசத்திடணும். அடுத்த புரமோஷன் அவர் கையிலதான் இருக்கு."

இவர் எனக்கு நல்லது செய்தவர். தெரியாமல் செய்தார், ஆனாலும் செய்தார். நாகேஷ் அண்ணா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அது ரேங்க் இல்ல, மார்க். இருபதுக்குப் போட்டது. பதினேழுதான் ஒசத்தி, பதினொண்ணு மட்டம். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயத்துல சொல்லல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"யாருக்கோ எடுத்து வெச்சிருக்கே, அதானே? அதனாலதான் எங்கிட்ட மட்டம் தட்டறே. இதெல்லாம் நான் பாக்காததா?"

உண்மைக்கு வந்த மரியாதையைப் பாருங்கள். பொய் சொல்லாமல் பொய் சொன்னபோது தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர், நிஜத்தைச் சொன்னதும் என்னைத் திருடியாக்கிவிட்டார். ஆத்திரம் வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தச் சாப்பாட்டு மேஜையில் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது பாவமாகவும் இருந்தது.

"சரி சார். இன்னிக்கு ஒண்ணு மட்டும் கொண்டு போங்க. குடிச்சுப் பாத்துட்டு நாளைக்கு வந்து மிச்சம் பதினோரு பாட்டிலையும் எடுத்துக்கோங்க."

"மாடல் எக்ஸாமா? அதுவும் சரிதான்," என்று ஒன்றை மட்டும் காபிப் பொடிக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றுகொண்டிருந்தார். கவுன்டரில் பாட்டிலை வைத்தார். அரை டம்ளர்தான் குறைந்திருந்தது.

"இது வேண்டாம்."

நாகேஷ் அண்ணாவின் முகம் வெளிறியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க மேல தப்பில்ல நாகேஷ்," என்றார் பாலசுப்ரமணியன் சார். "நான் இருபது வருஷமா இன்டர்வியூ எடுக்கறேன். முதல் பத்துப் பதினஞ்சு ரேங்க்ல வர்ற பசங்களை எனக்கு நல்லாத் தெரியும். பேப்பர்ல புலி, வேலைல எலி. இதுவும் அதே கேஸ்தான். வெறும் புளிப்பு, வெறும் மண்டைக்கனம். அந்தப் பதினேழு எவ்வளவு அடக்கமா, பதமா இருந்துது! இன்னும் கொஞ்சம் பின்னாடி ரேங்க்... பதினெட்டு, பத்தொம்பது மாதிரி கெடைக்குமா?"

தப்பான தெருவில் நுழைந்து சரியான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார் மனிதர். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிந்துவுக்கு போன் போட்டேன். பதினெட்டு இருந்தது, திங்கள் காலையிலேயே அனுப்புவதாகச் சொன்னாள். விலையைக் கேட்ட பாலசுப்ரமணியன் சார், தரமான ஆளுக்கு சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்.

நாகேஷ் அண்ணாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"விஜி, இது என்ன கணக்கு? பின்னாடி ரேங்க்குக்குப் போயி இவ்வளவு வெலையா?"

"அண்ணா, நீங்க எஸ்.எஸ்.எல்.சி. எத்தனை தடவை எழுதினீங்க?"

"மூணு தடவை. ஏன்?"

"உங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தவர் இப்ப என்ன பண்றாரு?"

அவர் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "நம்ம யஷ்வந்த்புரம் கடைக்குக் கணக்கு எழுதறான்," என்றார். சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "பதினெட்டு ரெண்டு பெட்டி போடு. பத்தொம்பது ஒரு பெட்டி."

"பீர் ஃபிரிட்ஜ் அண்ணா?"

"பேடா, வேண்டவே வேண்டாம். ரேக்கும் இங்கயே இருக்கட்டும், நீயும் இங்கயே இரு." பிறகு மூலையில் அடுக்கியிருந்த பதினொன்றுகளைப் பார்த்தார். "இந்த ரேங்க் ஹோல்டருங்க எல்லாரையும் யஷ்வந்த்புரத்துக்கு அனுப்பு. கம்பிக்குப் பின்னாடி நின்னு கொஞ்ச நாள் வேலை கத்துக்கட்டும்."