ஒற்றை வரித் தின்பண்டங்கள்

உணவகக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை விடுதிக்காரர்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னார். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டதாம். இரண்டு நாளைக்குக் கடை கிடையாது.

ஹொக்கைடோவின் அந்தச் சின்ன மலையூரில் ஹலால் சாப்பாடு போடும் ஒரே கடை அதுதான்.

ரொஸ்மினி அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் என் கணவர் ஹஸ்வானின் மூத்த அக்கா. குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இஸ்யான், என் சாப்பாட்டுப் பெட்டி எங்கம்மா?"

பெட்டி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு என்றால் அக்கா ஒரு பெட்டி முழுக்கச் சாப்பாடுதான் அடுக்குவார். சோற்றுப் பானை, நூடுல்ஸ், பொரித்த நெத்திலி, மாட்டிறைச்சிப் பொடிமாஸ் எல்லாம் இருக்கும். இந்தத் தடவை அதைத் தடுத்தது நான். "ஜப்பான்ல எல்லாம் கிடைக்கும்கா. பனிச்சறுக்கு உடுப்புக்கு எடை வேணும்" என்று வீர வசனம் பேசி, விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது பெட்டியை வீட்டிலேயே விட்டுவரச் செய்தேன்.

"பதினெட்டுப் பாக்கெட் நூடுல்ஸ்" என்றார் அக்கா. "இந்நேரம் காஜாங்ல என் சோபாவுல சாஞ்சு உக்காந்து டிவி பார்த்துக்கிட்டிருக்கும். நாம இங்க பனிக்கட்டியை நக்கிக்கிட்டிருக்கோம்."

"பனிக்கட்டி ஹலால்தானே?" என்றார் அவர் கணவர் தம்ரின் அண்ணன்.

"நீங்க வாயை மூடுங்க." அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள நாலு பேர் வயித்துக்கும் ஏதாவது வந்து சேரணும். இல்லைன்னா நாளைக்குக் காலைல முதல் பஸ். சப்போரோவுல ஹலால் கடை வரிசையா இருக்கு. அங்க போயி மனுஷங்களா சாப்பிடுவோம்."

பேருந்துக்குப் பெயர் கொடுக்கும் ஏட்டை விடுதியில் ஐந்து மணிக்கு மூடுவார்கள். என் பனிச்சறுக்கு வகுப்போ மறுநாள் காலை ஒன்பதுக்கு. நான்கு வருஷமாக அந்த வகுப்புக்காகக் கனவு கண்டவள் நான். எங்கள் ஊர் காஜாங்கில், வீட்டுச் சமையலறையில் காலுறையோடு தரை ஓட்டில் சறுக்கிப் பழகி, குளிர்பெட்டியில் மோதி, முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்ததுதான் மிச்சம்.

"வாங்கிட்டு வர்றேன்கா" என்றேன்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. குளிரில் கைபேசி செத்துவிடும் என்று அலுவலகத்துத் தோழி எச்சரித்திருந்தாள். அதனால் பேனாவை எடுத்து, பன்றி, பன்றிக் கொழுப்பு, மது, ஜெலட்டின் என்ற நான்கையும் ஜப்பானிய எழுத்தில் கைபேசியைப் பார்த்து இடது முன்கையில் வரைந்துகொண்டேன். எந்தப் பொட்டலத்தில் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதை வைத்துவிட வேண்டியதுதான். பன்றிக்கு மட்டும் மூன்று நிமிடம் பிடித்தது. அத்தனை கோடுகள்.

ஹஸ்வான் எட்டிப் பார்த்தார். "பச்சை குத்தின ரவுடி மாதிரி இருக்கே."

"கூட வர்றீங்களா?"

"நீ போ. நான் அக்காவைச் சமாளிக்கிறேன்." உண்மையில் அவருக்குக் குளிர்.

அவசர அவசரமாகத் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். பலசரக்குக் கடை மேட்டின் உச்சியில் இருந்தது. காற்று காதைக் கடித்தது. கதவைத் திறக்கும்போதே கைபேசி கறுத்துப் போனது. அறுபது சதவீதம் இருந்த பேட்டரி! உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தும் அசையவில்லை. போகட்டும், எதிர்பார்த்ததுதானே? கெத்தாகச் சட்டைக் கையை மேலே இழுத்தேன்.

முன்கை பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி மை இல்லை.

தொழுகைக்கு முன்னால் ஒளு செய்தேன் அல்லவா? முழங்கைவரை, மூன்று தரம், தேய்த்துத் தேய்த்து. தண்ணீர் படாத இடம் ஊசிமுனை அளவும் இருக்கக் கூடாது என்று ஏழு வயதிலிருந்து அம்மா பழக்கிய கை. பன்றியையும் மதுவையும் அது தானாகவே கழுவித் தள்ளியிருந்தது.

மணி நாலு இருபத்தைந்து.

அலமாரி முழுக்கத் தின்பண்டங்கள். முறுக்கு மாதிரி ஒன்று, அப்பளம் மாதிரி ஒன்று, குட்டிக் கரடி படம் போட்ட பிஸ்கட். ஒரு வறுவல் பொட்டலத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பதினோரு வரிகள், எறும்புக் கூட்டம் மாதிரி. அந்தக் கூட்டத்தில் பன்றி எங்கே நிற்கிறது என்று யார் கண்டது? வைத்துவிட்டேன். அடுத்தது ஒன்பது வரி. அதையும் வைத்தேன். நாளைக்குச் சப்போரோவில் பேருந்தைவிட்டு இறங்கும் என் முகம் கண்ணில் தெரிந்தது.

அழுகை முட்டியபோதுதான் குளிர்பெட்டியில் அவித்த முட்டைகள் தெரிந்தன. திருப்பினேன். ஒரே வரி. அதில் இரண்டே சொற்கள். ஒன்று முட்டை, இன்னொன்று உப்பு. வேறு என்ன இருந்துவிட முடியும்?

சட்டென்று புத்தி விழித்தது. பன்றி ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பதினோரு வரியில் ஒளியலாம். ஒரே வரியில் எங்கே ஒளியும்?

அதன்பிறகு நான் எழுத்தைப் பார்க்கவில்லை, நீளத்தைத்தான் பார்த்தேன். வறுத்த வேர்க்கடலை, ஒரு வரி. கூடையில் போட்டேன். சுட்ட கஷ்கொட்டை, அரை வரி. அதையும் போட்டேன். சாதா உருளை வறுவல், மூன்றே சொல். உப்பிட்ட கணவாய்க் கருவாடு, வறுத்த கடற்பாசி. வாசலில் சூடான கற்களுக்கு நடுவே வெந்துகொண்டிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஒட்டுச்சீட்டே இல்லை. கிழங்கில் கிழங்குதான் இருக்கும். எட்டு எடுத்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் காகிதம் வாங்கி, சுருட்டை வாலோடு ஒரு பன்றியும் பக்கத்தில் ஒரு மதுப் புட்டியும் வரைந்தேன். இரண்டின்மேலும் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு விரலால் மூக்கை மேலே தூக்கி உறுமிக் காட்டினாள். நான் வேகமாகத் தலையாட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவள் சிரிக்காமல் வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு பொட்டலமாகப் படித்தாள். முட்டைக்குக் கட்டைவிரல் மேலே. கடலை, கஷ்கொட்டை, வறுவல், கருவாடு எல்லாமே தேறின. கடற்பாசியை மட்டும் ஓரமாக வைத்து, நான் வரைந்த புட்டியைத் தட்டிக் காட்டினாள். ஆறு பொட்டலங்களில் ஒன்றுதான் தேறவில்லை. கிழங்கைக் காட்டினேன். அவள் பன்றியைத் தட்டி, கிழங்கைத் தட்டி, இவ்வளவு முட்டாளா நீ என்கிற மாதிரி பார்த்தாள். கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

நாலு நாற்பத்தெட்டு. சட்டைப் பைகளில் நான்கு கிழங்கு, மேல்சட்டைக்குள் நெஞ்சோடு நான்கு கிழங்கு. அடுப்பே நடந்து வருகிற மாதிரி வெதுவெதுவென்று இறங்கினேன். பாதி மேட்டில் கால் வழுக்கியது.

அவ்வளவுதான். பின்புறம் தரையில், கால் இரண்டும் வானத்தில், பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, விடுதி வாசல்வரை ஒரே சறுக்கு. நான்கு வருஷக் கனவின் முதல் சறுக்கு அதுதான்! கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் மூன்று முகங்கள் வரிசையாக வாயைப் பிளந்து நின்றன.

அக்காதான் கதவைத் திறந்தார். "அடிபட்டுச்சா?"

"ஒரு முட்டைகூட உடையலக்கா."

"முட்டையை யாரு கேட்டா? உன்னைக் கேட்டேன்."

மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பினேன். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிச்சே?" கை கழுவின கதையிலிருந்து ஆரம்பித்தேன். தம்ரின் அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு கிழங்கைப் பிட்டார். ஆவி பறந்தது. உள்ளே தேன் நிறம். வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்றார்.

மணி நாலு ஐம்பத்தேழு.

எழுந்து தன் துணிப் பெட்டியைத் திறந்தார். கம்பளிக் காலுறைச் சுருளிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை உருவினார். சிவப்பாக, எண்ணெய் மிதக்க, நெத்திலி போட்ட சம்பல்.

"அக்கா!" ஹஸ்வான் அலறினார். "இதை இவ்வளவு நேரம் வச்சுக்கிட்டா எங்களைப் பட்டினி போட்டீங்க?"

"பெட்டியை எடுக்காதேன்னுதான் இவ சொன்னா. காலுறையைப் பத்திச் சொல்லல." அக்காவின் காது சிவந்திருந்தது. "தொட்டுக்கறதை மட்டும் வச்சுக்கிட்டு என்னடா பண்றது? எதுல தொடுவே? பனியிலயா?"

பெரிய வறுவலாக ஒன்றை எடுத்தார். அதன்மேல் முட்டைத் துண்டு, அதன்மேல் ஒரு விரல் சம்பல், உச்சியில் இரண்டு கடலை. ஊரில் நாங்கள் காலையில் சாப்பிடும் நாசி லெமாக், சோறு மட்டும் இல்லாமல், ஒரே வாய் அளவில். அதை முதலில் என்னிடம் நீட்டினார்.

நான்கு பேரும் அப்படியே அடுக்கி அடுக்கித் தின்றோம்.

வரவேற்பு மேஜையிலிருந்து விடுதிக்காரர் பேருந்து ஏட்டைத் தூக்கிக் காட்டினார். அக்கா சம்பல் ஒட்டிய கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"வகுப்பு எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்குக்கா."

"அப்போ எட்டுக்கே அந்தக் கடைக்குப் போறோம். அந்தப் பொண்ணுக்கும் ஒரு வாய் சம்பல் கொடுக்கணும்."

மறுநாள் காலை வகுப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டார். பழகுபவர்களுக்கான சிறு சரிவின் உச்சியில் நாங்கள் நின்றபோது அக்காவின் மேல்சட்டை பலாப்பழம் மாதிரி புடைத்திருந்தது. பயிற்சியாளர் கையசைத்தார். நான் கிளம்பினேன். இந்தத் தடவை இரண்டு காலில், நிமிர்ந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு, அடிவாரம்வரை. திரும்பிப் பார்த்தால், அக்கா பாதி வழியில் பனியில் குப்புறக் கிடந்தார்.

"அக்கா! அடிபட்டுச்சா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். மேல்சட்டைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து, காலை வெயிலில் தூக்கிக் காட்டினார்.

"உடையலடீ!"