முஃபீதா போட்ட முடுக்கு

முஃபீதா வரைந்த வரைபடத்தில் எலியேசர் சாருக்கு எல்லாமே பிடித்திருந்தது, அந்த முடுக்கைத் தவிர.

“இது என்னம்மா, வரிசைக்கு வரிசை வீட்டுக்குப் பின்னால கோடு இழுத்து வச்சிருக்க? சாக்கடையா?”

“முடுக்கு சார்.”

“முடுக்கு எனக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் ரோடு போவும்போது நடுவுல எதுக்கு முடுக்குன்னு கேக்குதேன்.”

“பொம்பளையளுக்கு சார்.”

எலியேசர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, முருகன்குறிச்சியில் ஒரு மாடியைப் பிடித்து நகரமைப்பு அலுவலகமும் போட்டுவிட்ட மனிதர். மருதம்பத்து மாதிரி ஊர்களில் வீட்டின் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

மருதம்பத்தில் வீடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் ஒரு சந்து ஓடும். ஒருவர் தாராளமாக நடக்கலாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அது பெண்களின் பாதை. அவசரத்துக்கு உள்ளே நுழைகிற ஆண்பிள்ளை நாலு வீட்டுக்கு முன்பிருந்தே இருமிக்கொண்டு வர வேண்டும். அங்கே ஊர்ச் செய்தி தந்தியைவிட வேகமாகப் போகும். காலையில் மீன் குழம்போடு கிளம்பிய கிண்ணம் நாலைந்து பின்வாசல்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பாயாசத்தோடு வீடு திரும்பும்.

இதையெல்லாம் முஃபீதா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எலியேசர் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அதெல்லாம் பழைய ஊருக்குச் சரி. இது புது ஊரு.”

புது ஊர்தான். மருதம்பத்து கொள்ளாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே ஒரு வீடும் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார் என்பது அந்த ஊர் முறை. மூன்று பெண்களைப் பெற்றவர்கள் இருக்கிற வீட்டைத் தடுத்துத் தடுத்து, கடைசியில் மாப்பிள்ளைமார் பக்கவாட்டில் நடக்கும் நிலைமை வந்துவிட்டது. அதனால்தான் ஊருக்கு மேற்கே, வாய்க்காலுக்கும் புறவழிச்சாலைக்கும் நடுவில் கிடந்த பொட்டல் முழுவதும் எண்ணூறு வீடுகளோடு ஒரு விரிவாக்கம் வருகிறது. நெல் விளைகிற நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடவில்லை. பள்ளிக்கூடம், பூங்கா, சந்தை, பேருந்து நிற்கும் இடம் எல்லாம் உண்டு. வரைகிற பொறுப்பை எலியேசர் சார் முதல்முறையாக முஃபீதாவின் கையில் முழுசாகக் கொடுத்திருந்தார். சொந்த ஊர்க்காரி, ஊர் மனசு தெரிந்தவள் என்ற நம்பிக்கை.

அவள் முடுக்குக்காக அடம்பிடித்ததற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. வாப்பா விட்டுப்போன பொட்டல் துண்டைத் திட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாக முதுகோடு முதுகு இரண்டு மனைகள் வரும். ஒன்று உம்மா ஜுபைதா பீவிக்கு, இன்னொன்று முஃபீதாவுக்கு. பழைய வீடு மூத்தவளான லாத்தாவுக்குப் போய்விட்டது. உம்மாவும் அங்கேதான் இருந்தாள். இளையவளான முஃபீதா பாளையங்கோட்டையில் வாடகை மாடியில், தம்மாமில் வேலை செய்யும் கணவன் சல்மான் ஃபாரிஸின் தொலைபேசிக்குக் காத்துக்கொண்டு, மகள் ஸமீஹாவோடு காலத்தை ஓட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மனதில் ஒரே ஒரு காட்சிதான்: அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, செருப்புகூடப் போடாமல், கரண்டியும் கையுமாகப் பின்வாசல் வழியாக முடுக்கைத் தாண்டி உம்மாவின் அடுப்படிக்குள் போய் நிற்க வேண்டும். அந்த முடுக்கை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

“சரிம்மா,” என்றார் எலியேசர் சார். “அடுத்த வாரம் ஊர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்குல்லா? அங்கன ஒரே ஒரு பொம்பள எந்திரிச்சு முடுக்கு வேணும்னு சொல்லட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். யாரும் சொல்லலைன்னா நீயே ஒன் கையால அழிச்சிரணும். அந்த எடத்துல இன்னும் முப்பது மனை விழும்.”

“ஒருத்தியா? ஊரே எந்திரிக்கும் சார்.”

“எந்திரிக்கட்டும்.”

அன்று சாயங்காலமே முஃபீதா பேருந்து பிடித்து மருதம்பத்துக்குப் போனாள். லாத்தா அக்தர் பானு வாசலில் ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்து நாலு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். அந்த வண்டிக்குக் கிடைக்கும் கவனிப்பு மச்சானுக்குக் கிடைத்திருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருந்திருப்பார்.

“லாத்தா, கூட்டத்துல நீ பேசணும். முடுக்கு வேணும்னு சொல்லணும்.”

“அதுல வண்டி போவுமா?”

“முடுக்குல எப்படி வண்டி போவும்?”

“சும்மா கேட்டேன்ளா. பேசுவோம், பேசுவோம்.”

உள்ளே உம்மா சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள். முஃபீதா வரைபடத்தைத் தரையில் விரித்து, இது உன் வீடு, இது என் வீடு, நடுவில் பார் முடுக்கு என்று விரலால் ஓட்டிக் காட்டினாள். உம்மா ஈரக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தப் பெரிய கோடு என்னளா?”

“அது தெரு உம்மா. அத விடு, முடுக்கப் பாரு.”

“கூட்டத்துல யாரு வேணும்னாலும் பேசலாமா?”

“தாராளமா.”

உம்மா தலையாட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினாள். முஃபீதா முடுக்கு வழியாகவே இன்னும் ஏழெட்டு வீடு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் சாயா கிடைத்தது. எல்லா வீட்டிலும் “அதுக்கென்ன, பாப்போம்” என்றார்கள். நெல்லைச் சீமையில் ஒருவர் சிரித்துக்கொண்டே பாப்போம் என்று சொன்னால் அந்தக் காரியத்தைத் தலைமுழுகிவிடலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முஃபீதாவுக்கும் தெரியும். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வயிறு நிறையச் சாயாவோடு சந்தோஷமாகப் பாளையங்கோட்டைக்குப் பேருந்து ஏறினாள்.

கூட்டம் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். சுவர் முழுக்க வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலியேசர் சார் விளக்கம் சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கமிருந்து கைகள் உயர்ந்தன. முஃபீதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேருந்து உள்ளே வருமா என்று ஒருத்தி கேட்டாள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருத்தி. பேருந்து நிற்கிற இடத்தில் கழிப்பறை உண்டா, பூட்டாமல் வைப்பீர்களா என்று ஒருத்தி. தெருவிளக்கு எத்தனை அடிக்கு ஒன்று என்று லாத்தா கேட்டாள். எல்லாம் நல்ல கேள்விகள். முடுக்கு என்ற சொல் மட்டும் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. முஃபீதா லாத்தாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். லாத்தா மண்டபத்துக் கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எலியேசர் சார் முஃபீதாவைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் முப்பது மனைகள் தெரிந்தன.

அப்போதுதான் ஆண்கள் பக்கமிருந்து பாவா மாமா எழுந்தார். உம்மாவின் தம்பி. அரிசிக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, தெருமுனை சிமெண்டுப் பெஞ்சில் சாய்ந்து உலக நடப்பைக் கவனித்துவருபவர்.

“எங்க பொம்பளையளுக்கு முடுக்கு கண்டிப்பா வேணும்!” என்றார்.

ஆண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். முஃபீதாவுக்கு மாமாவின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. பெண்ணாக இல்லாவிட்டால் என்ன, ஒரு வாயாவது சொல்லியதே! ஊர்க்காரர் வாயாலேயே நியாயம் வரட்டும் என்று, “ஏன் வேணும்னு சாருக்கு நல்லா எடுத்துச் சொல்லுங்க மாமா,” என்றாள்.

“என்னம்மா இப்பிடிக் கேக்க? முடுக்கு இல்லைன்னா அவிய எல்லாரும் தெரு வழியால்ல வருவாவ? பிறவு நாங்க எங்கன உக்காருதது? காலை நீட்ட முடியுமா? சத்தமா ஒரு கதை பேச முடியுமா? ஆளு வர வர எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கணும். முழங்கால் தாங்குமா வே?”

“அதான, தாங்காது!” என்றது பெஞ்சுக் கூட்டம்.

மண்டபம் சிரித்தது. முஃபீதாவும் சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள். பெண்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. உம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தில் உம்மா எழுந்து பேசி அவள் பார்த்ததே இல்லை.

“ஏலே பாவா,” என்றாள் உம்மா. “ஒம் பொண்டாட்டியும் நானும் முப்பது வருசமா அந்த முடுக்குல நடக்கோம். அவ முன்னால, நான் பின்னால. அவ பேசிக்கிட்டே போவா, நான் கேட்டுக்கிட்டே போவேன். சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதாளா, அழுதுக்கிட்டுச் சொல்லுதாளான்னு எனக்குத் தெரியாது. நான் பாத்ததெல்லாம் அவ முக்காட்டத்தான். புது ஊருலயாவது நாங்க பக்கத்துல பக்கத்துல நடக்கணும்லே. மூஞ்சியப் பாத்துப் பேசணும்.”

மாமி முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அப்போதும் தெரியவில்லை.

“எங்களுக்கும் ரெண்டு பெஞ்சு போடுங்க சார்,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “மரத்துக்குக் கீழ போடுங்க,” என்றாள் இன்னொருத்தி. லாத்தா எழுந்துவிட்டாள், அவள் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னதில் எதுவும் விளங்கவில்லை, ஆனால் ஒருத்தியும் முடுக்கு கேட்கவில்லை.

முஃபீதாவுக்கு முதலில் உம்மா மேல்தான் கோபம் வந்தது. வீட்டில் மீன் அலசும்போது சொல்லியிருக்கலாமே! பிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் சாயா குடித்தாளே தவிர, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தியிடமும் அவள் கேட்கவில்லை. எனக்காகப் பேசுவாயா என்றுதான் கேட்டிருந்தாள். ஊர் மனசு தெரிந்தவளாம்! அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மேசையில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். முடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தாள். அவளுடைய மனைக்கும் உம்மாவின் மனைக்கும் நடுவில் ஓடியதை அடிக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. அதையும் அடித்தாள்.

“முப்பது மனை,” என்று எலியேசர் சார் பின்னாலிருந்து மெதுவாக நினைவூட்டினார்.

“ஒரு மனையும் கெடையாது சார். வீடுகளப் பின்னால தள்ளிருவோம். முடுக்குக்கு விட்ட எடமெல்லாம் தெருவுக்கு. ரெண்டு பக்கமும் நல்ல அகலமா நடைபாதை, மரம், பெஞ்சு.”

எலியேசர் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஒருமுறை பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். விளக்கம் எதுவும் கேட்காமல் மாட்டிக்கொண்டார்.

“பாதி மண்டபம் எந்திரிச்சு நிக்கு. நான் என்னத்தச் சொல்ல? வரைஞ்சு கொண்டா.”

“அப்ப நாங்க?” என்றார் பாவா மாமா பரிதாபமாக.

“காலை மடக்கி உக்காருலே,” என்றாள் உம்மா.

கூட்டம் கலைந்தது. பெண்கள் அன்றைக்குத் தெரு வழியாகவே போனார்கள். அப்படி யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேச்சு சுவாரசியத்தில் முடுக்குப் பக்கம் திரும்ப மறந்துவிட்டார்கள். அதற்குள் தெருமுனைப் பெஞ்சுக்கு வந்துவிட்ட ஆண்களின் கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உம்மாவும் மாமியும் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போக, முஃபீதா சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது தனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ குறைவதை அவள் மறைக்கப் பார்த்தாள். மாமி தன் வீட்டுக்குத் திரும்பியதும் அது வாய்விட்டு வந்துவிட்டது.

“உம்மா, இனி ஒனக்கும் எனக்கும் நடுவுல சுவருதான். ஒன் அடுப்படிக்கு வரணும்னா நான் தெரு சுத்தித்தான் வரணும். நெனச்சுப் பாத்தியா?”

உம்மா நின்றுவிட்டாள்.

“அதத்தான்ளா நெனச்சேன். நீ பாளையங்கோட்டைக்குப் போனதுல இருந்து, நீ வாரது எனக்குத் தெரியவே மாட்டேங்கு. நான் அடுப்படில சோலியா இருப்பேன். திரும்பிப் பாத்தா முடுக்கு வாசல்ல நிப்ப. எப்ப வந்த, நடந்து வந்தியா, மெலிஞ்சு போயிட்டியா, ஒண்ணும் தெரியாது. அங்கன புது வீட்டுல நான் முன்வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன். நீ தெருமுனை திரும்புததுல இருந்து வீடு வந்து சேருத வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும். சுத்தியே வா. பைய வா.”

முஃபீதா எட்டி நடந்து உம்மாவின் பக்கத்துக்கு வந்தாள். உம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.