எதிர்த்து நடந்தவன்

புது வாணவெடிப் பெட்டிக்கான லேபிள் அச்சாகி வந்த அன்று தனுஷ்கோடி அதை யாரிடமும் காட்டாமல் நேரே பூஜை அறைக்குக் கொண்டுபோனார். அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதன் பிறகுதான் மருமகள் அருணாதேவியைக் கூப்பிட்டார்.

லேபிளின் நடுவில் அவள் புருஷன் ராஜபாண்டியன் சிரித்துக்கொண்டு நின்றான். பின்னால் மூன்று நிறத்தில் கதிர்கள் விரிந்திருந்தன. கொழுந்தன் கல்யாணத்தில் எடுத்த படம். அன்று மகள் பிரீத்திகாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். அச்சகத்தில் குழந்தையை அழித்துவிட்டார்கள். அதனால் ஒரு பக்கத் தோள் மட்டும் காரணமில்லாமல் சரிந்திருந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ‘வீரநடை’ என்றும், கீழே ‘எதிர்த்து நடந்தவன்’ என்றும் போட்டிருந்தது.

“நல்லாருக்காத்தா?” என்று கேட்டார்.

“நல்லாருக்கு மாமா.”

வேறு என்ன சொல்வது? இந்த ஒரு வருஷமாக அவள் சொல்லிவந்த பதில் அதுதான்.

சிவகாசியில் அவர்களுடையது மூன்று தலைமுறை வெடிக் கம்பெனி. நாரணாபுரம் பக்கம் தொழிற்சாலை, ஊருக்குள் வீடு. போன சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டதும் ராஜபாண்டியன் வடக்கே ஒரு மலையூருக்கு டிக்கெட் போட்டான். அம்மன் கோயிலில் சித்திரைப் பொங்கலுக்குக் கொடியேறிவிட்டது. கொடியேறினால் ஊரைத் தாண்டித் தங்கக்கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். அவன் அம்மா சொர்ணலட்சுமி வாசல்வரை வந்து தடுத்துப் பார்த்தாள். சீசன் தொடங்கிவிட்டால் தீபாவளி வரைக்கும் மூச்சுவிட முடியாது, தேரோட்டத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சிரித்து மழுப்பிவிட்டுப் போனான்.

வந்தான், பெட்டியில்.

அந்த மலையூரின் கடைத்தெருவில் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டதில் செத்துப்போனவர்களில் அவனும் ஒருவன். நாடே துக்கம் கொண்டாடியது. கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். ஊருக்கு ஊர் மெழுகுவத்தி ஏந்திப் போனார்கள். அங்கே விடுதியில் வேலை பார்த்த ஒருவர் டிவியில் பேசினார். எல்லாரும் உயிருக்குப் பயந்து படிகளில் கீழே ஓடிவந்தபோது, ஒரே ஒருவர் மட்டும் சத்தம் வந்த பக்கம் மேலே ஏறிப் போனார், நீலச் சட்டைக்காரர் என்றார். நீலச் சட்டை ராஜபாண்டியன்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து உடல் வருவதற்குள் அந்தக் கதை ஊருக்கு வந்துவிட்டது. வழிநெடுக ஆட்கள் நின்றார்கள். வண்டியை மறித்து மறித்துப் பூப்போட்டார்கள். வீரன் வாழ்க என்று கத்தினார்கள். கத்தலைக் கேட்டு பிரீத்திகா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீடு வரும்வரை நிமிரவில்லை.

அருணாதேவி அவன் பக்கத்தில் நின்றவள். நடந்தது அவளுக்குத் தெரியும்.

அவள் படியில் குனிந்து மகளுக்குச் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மேலே படபடவென்று கேட்டது. ராஜபாண்டியன் காதைத் தீட்டினான். முகம் மலர்ந்துவிட்டது. “ஏ, நம்ம ஊரு வெடிச் சரக்குப்பா. இம்புட்டு தூரம் வந்துருக்கு பாரேன். எந்தக் கம்பெனின்னு பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி ஏறிப்போனான். அவள் செருப்பை மாட்டி நிமிர்வதற்குள் கூட்டம் மேலேயிருந்து சரிந்து வந்து அவளையும் பிள்ளையையும் கீழே அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சொல்ல வாய் வரவில்லை. வாய் வந்தபோது கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடங்களில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். வியாபாரிகள் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். புருஷனை நாட்டுக்குக் கொடுத்த தாயே என்று மேடையில் பேசினார்கள். அவள் கைகூப்பி நின்றாள். மல்லாங்கிணற்றிலிருந்து அவள் அண்ணன் சுந்தரபாண்டி வந்து, கொஞ்ச நாள் நம்ம வீட்டுல வந்து இருந்துட்டுப் போகட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வீரன் வீட்டுக்கு இன்னும் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள், அவள் இல்லாவிட்டால் எப்படி என்று அவனைச் சாப்பிடவைத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளே வேறு கணக்கு. சொர்ணலட்சுமி மருமகளை ஒரு வார்த்தை வைததில்லை. ஆனால் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வருகிறவர்கள் வீரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “கொடியேறுன பெறகு எல்லையத் தாண்டலாமா? ஆத்தா விடுவாளா?” என்பாள். தன் தூண்டுதலில்தான் அவன் கிளம்பினான் என்று அத்தை நினைப்பது தெரிந்தும், டிக்கெட் போட்டது யார் என்று அருணாதேவி ஒருநாளும் சொல்லவில்லை. செத்தவன் மேல் பழியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இந்த வருஷப் பொங்கலுக்கு அவள் அக்கினிச்சட்டி எடுக்க வேண்டும் என்று அத்தை நேர்ந்திருந்தாள். அதே வாரத்தில் நினைவு நாள். மைதானத்தில் மேடை போட்டு, ‘வீரநடை’யின் முதல் பெட்டியை அவள் கையால் கொளுத்த வேண்டும் என்று மாமா முடிவு செய்திருந்தார்.

சட்டியை எடுத்துவிட்டாள். செவ்வாடை கட்டி, வேப்பிலைக்கு நடுவே நெருப்பை ஏந்தி நடந்தபோது கை சுட்டது. அது தாங்கக்கூடியதாக இருந்தது. இரண்டாவதுதான் முடியாது என்று தோன்றியது. நினைவு நாளுக்கு முந்தின நாள் காலையில் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கணக்குப்பிள்ளை ஜெயச்சந்திரன் எழுந்து வெளியே போனார்.

“மாமா, கொளுத்துறத கொழுந்தனாரு செய்யட்டும். என்னால முடியாது.”

பிரீத்திகா பயப்படுகிறாளா என்று தனுஷ்கோடி கேட்டார். பிள்ளை மட்டுமில்லை, தானும்தான் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு, மேடை போட்டாச்சு, அச்சங்குளத்திலிருந்து வேலையாட்கள் வண்டி பிடித்து வருகிறார்கள் என்று அடுக்கினார். அவள் எதற்கும் அசையவில்லை.

“அவரு உசுரக் குடுக்கல மாமா,” என்றாள். “எடுத்துக்கிட்டாக. அத வீரம்னு எழுதிப் பெட்டியில ஒட்டி, அதுலயும் தீ வைக்கணுமா?”

அதற்கு மேலும் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் வெள்ளைத் தலையைப் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள். வெடிச்சத்தம் என்றால் நல்லது என்று மகனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நடக்கப் பழகும் முன்பே அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பரிசோதனைத் திடலில் நின்றவர். அவரிடம் எப்படிச் சொல்வது?

தனுஷ்கோடி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எனக்குத் தெரியும்த்தா.”

அவள் நிமிர்ந்தாள்.

“போன தீபாவளிக்கு பிரீத்திகா கம்பெனிக்கு வரமாட்டேன்னு அழுதாள்ல. ஏன் தாயின்னு கேட்டேன். தாத்தா, அப்பா நம்ம வெடின்னு சொல்லிட்டுத்தான் மேல போனாங்கன்னா.” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நீ எனக்காகச் சொல்லாம இருக்கேன்னும் தெரியும்.”

“தெரிஞ்சுமா மாமா இதச் செய்தீக?”

“தெரிஞ்சதுனாலதான் செஞ்சேன். எம்பிள்ள ஏமாந்துபோய்ச் செத்தான்னு என்னால வச்சுக்கிட்டு இருக்க முடியலத்தா. ஊரு வேற ஒண்ணு சொல்லுது. அதப் பிடிச்சுக்கிட்டேன். ஒன் அத்தைக்குத் தெரிய வேணாம். சாமி குத்தம்னு நெனச்சாலாச்சும் அவ கும்பிட்டுக்கிட்டுக் கெடப்பா.”

இவ்வளவு நாளும் உண்மை தன்னிடம் மட்டும் இருக்கிறது என்றும், என்றைக்காவது அதைத் திறந்தால் வெளியே போய்விடலாம் என்றும் அவள் நினைத்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே அவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் இடமில்லை. பேசினவர்கள் எல்லாரும் ஒன்றையே பேசினார்கள். சொர்ணலட்சுமி மேடைக்குக் கீழே, பிரீத்திகாவின் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊதுபத்தியைத் தனுஷ்கோடிதான் கொண்டுவந்து கொடுத்தார். மைதான நடுவில் பெட்டி தனியாக இருந்தது. அருணாதேவி லேபிளைப் பார்க்காமல் திரியை மட்டும் பார்த்துக் குனிந்தாள். பற்றியதும் திரும்பி நடந்தாள். ஓட வேண்டும் என்று தெரியும். கால் ஓடவில்லை.

பெட்டியிலிருந்து முதல் வெடி மேலே போய் விரிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிரே தனுஷ்கோடி வந்துகொண்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். பெட்டியைப் பார்த்து வந்தார். வேட்டி நுனி தரையில் புரண்டது. கண் இமைக்கவில்லை. அடுத்தடுத்து வெடிக்க வெடிக்க, அவர் அதை நோக்கியே நடந்தார். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர், பாருங்கள், பெற்ற தகப்பனின் வீரத்தையும் பாருங்கள் என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது.

அருணாதேவி குறுக்கே போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“விடுத்தா,” என்றார். “என்னன்னு பாத்துட்டு வாரேன்.”

“வேணாம் மாமா. இங்கன நில்லுங்க.”

அவருக்கு இன்னும் பலம் இருந்தது. அவளுக்கும் இருந்தது. பெட்டி ஓயும்வரை இருவரும் புகைக்குள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஓய்ந்ததும் அவர் உடம்பு தொய்ந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்தார். சின்ன மகன் செந்தூர்பாண்டி ஓடிவந்து அவரைத் தூக்கினான். அப்பா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று பார்த்தவர்களிடம் சொன்னான்.

அதன் பிறகு தனுஷ்கோடி தொழிற்சாலைப் பக்கம் போகவில்லை. கம்பெனியைச் செந்தூர்பாண்டி பார்த்துக்கொண்டான். ‘வீரநடை’க்கு ஆர்டர் நன்றாக வந்தது, அடுத்த சீசனுக்கும் அதையே போடுவது என்று முடிவாயிற்று. சொர்ணலட்சுமி, சட்டி எடுத்ததால் அம்மன் கொஞ்சம் மனம் இறங்கியிருப்பாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். ஆனாலும் தண்ணீரைத் தானேதான் மொண்டு குடித்தாள்.

ஆடி மாதத்தில் சாத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தலைமையாசிரியை அழகுமீனாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சுதந்திர தினத்துக்கு அம்மா வந்து கொடியேற்றி, அந்த நாளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்த தனுஷ்கோடி மருமகளைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அருணாதேவி வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள்.

“காலையில எத்தன மணிக்கு வரணும்?” என்று கேட்டாள்.